ஜவுளிக்கடையில் நின்ற குதிகால்: பிளான்டர் ஃபேஷியைட்டிஸ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

43 வயதுப் பெண். சென்னையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச் சேலைப் பிரிவில் விற்பனையாளர். சொந்த ஊர் தென் மாவட்டம். கடைக்காரர்களே நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறார். வலது குதிகாலில் 7 மாதமாக வலி. எலும்பு மருத்துவர் 'பிளான்டர் ஃபேஷியைட்டிஸ்' (குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டையின் பாதிப்பு) என்று சீட்டில் எழுதி என்னிடம் பிசியோதெரபிக்கு அனுப்பியிருந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வலி வந்த விதம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று ஏறும். குளியலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் நடந்து போவார். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்துவிடும். கடைக்குப் போய் முற்பகல் வரை சமாளிக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி அதே சுருக். இரவு எட்டு மணிக்கு மேல் குதிகால் முழுக்க ஒரே கனமான வலி. காலை முதல் அடிக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டதற்கு 8 என்றார்.

நோய் என்ன என்பதில் பாதிக்கு மேல் இந்த வரலாற்றிலேயே தெரிந்துவிடுகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளங்காலின் பட்டை தளர்ந்த நிலையில் பல மணி நேரம் கிடக்கும். எழுந்து உடல் எடையை வைத்ததும் அது திடீரென்று இழுபடுகிறது. நடக்க நடக்கக் குறைந்து, ஓய்வுக்குப் பின் திரும்பி வந்து, நாள் முடிவில் கூடும் குதிகால் வலி என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும்.

வலி பொங்கல் விற்பனையின்போது தொடங்கியது. வழக்கமாகக் காலை 9.30க்கு வேலை, இரவு 9.30க்கு முடியும். சாப்பாட்டு இடைவேளையும் தேநீர் நேரமும் போக மற்றதெல்லாம் நிற்பதுதான். சேலைப் பிரிவில் செருப்புப் போடக் கூடாது என்பது கடையின் வழக்கம். கிரானைட் தரையில் வெறுங்கால். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது, மேலே கேமரா இருக்கிறது.

இதற்கு முன் செய்த வைத்தியங்கள் மூன்று. முதலில் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து வைத்து எடுத்திருக்கிறார். குதிகால் வாதம் என்றதும் நம் வீடுகளில் முதலில் சொல்வது இதைத்தான். சூடு வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்தால் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் அது தனிப் பிரச்சினை. இவருக்கு 4 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார், சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 7.6 சதவீதம். ஒத்தடம் கொடுத்த யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்தது வலி மாத்திரை. வயிறு எரிந்ததால் நிறுத்திவிட்டார்.

மூன்றாவது, ஜூன் தொடக்கத்தில் ஒரு கிளினிக்கில் குதிகாலில் போட்ட ஸ்டீராய்டு ஊசி. ஐந்து வாரம் சுகமாக இருந்தது. சில நாள் சர்க்கரை ஏறியது, பிறகு இறங்கியது. அப்புறம் ஆடித் தள்ளுபடி வந்தது. வலியும் வந்தது, முன்பைவிட அதிகமாக. இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வியோடுதான் மருத்துவரிடம் போனார். அவர் மறுத்து இங்கே அனுப்பினார்.

பரிசோதனை

உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ. உடல் எடைக் குறியீடு 31க்குக் கொஞ்சம் மேல். குதிகாலின் அடியில், உட்பக்கத்தில், எலும்பிலிருந்து பட்டை தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டார். கால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அழுத்தினால் வலி இன்னும் கூடியது.

கணுக்கால் மேல்நோக்கி மடங்கும் அளவு, முழங்காலை நீட்டி வைத்த நிலையில், வலதில் 2 டிகிரிதான், இடதில் 7. முழங்காலை மடக்கினால் இரண்டும் நன்றாகவே மடங்கின. கெண்டைக்கால் தசையின் மேலடுக்கு இறுகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னதில் இடது காலில் 18 முறை செய்தார். வலது காலில் ஆறாவதிலேயே முழங்கால் மடங்கிவிட்டது. வலி தடுத்தது கொஞ்சம்தான். தசைக்குத் தெம்பே இல்லை. ஏழு மாதமாக அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததன் விளைவு.

வேறு எதுவும் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். குதிகால் எலும்பை இருபக்கமும் பிடித்து அழுத்தியதில் வலி இல்லை. எலும்பில் நுண்முறிவு இருந்தால் அங்கே வலிக்கும். கணுக்காலின் உட்புறம் தட்டியதில் மின்சாரம் ஓடும் உணர்வு இல்லை, எரிச்சலோ மரத்துப்போதலோ இல்லை. அதனால் நரம்பு அழுத்தத்துக்கான வாய்ப்புக் குறைவு. உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையால் தொட்ட இடங்கள் எல்லாம் தெரிந்தன, பாத நாடியும் நன்றாக இருந்தது. இரண்டு குதிகாலிலும் ஒரே நேரத்தில் வலி, காலையில் முதுகு இறுக்கம், வயது நாற்பதுக்குக் கீழ் என்று இருந்திருந்தால் முதுகெலும்பு வாத நோய்களுக்கான சோதனைக்கு அனுப்பியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை.

எலும்பு வளர்ந்திருக்கிறதாம்

கையோடு கொண்டுவந்திருந்த எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், எலும்பு வளர்ந்திருக்குன்னு சொன்னாங்க. அதை வெட்டி எடுத்தாத்தான் சரியாகுமா?"

ஏழு மாதமும் இந்த நினைப்போடுதான் நடந்திருக்கிறார். குதிகால் முள் என்று சொல்லும் அந்த எலும்பு வளர்ச்சி ஒவ்வொரு அடியிலும் சதைக்குள் இறங்குவதாக அவருக்கு எண்ணம். அதனால்தான் குதிகாலை ஊன்றவே இல்லை, அதனால்தான் தசையும் இளைத்தது.

எக்ஸ்ரே இரண்டு காலுக்கும் எடுக்கப்பட்டிருந்தது. இடது குதிகாலிலும் முள் இருந்தது. வலதைவிடச் சற்றுப் பெரியதாகவே இருந்தது. "அக்கா, இந்தக் கால் என்றைக்காவது வலித்ததா?" என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் பேசிய எதையும்விட அந்த இடது கால் படம்தான் அவரை நம்பவைத்தது.

குதிகால் முள் வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் இருக்கிறது. அது பல நேரங்களில் பட்டைக்குள்கூட இருப்பதில்லை, அதற்கு மேலடுக்கில் உள்ள சிறு தசையின் தொடக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். முறிவு, கட்டி போன்றவற்றை விலக்க அது உதவும். ஆனால் படத்தில் தெரிந்த முள்ளைக் காட்டி 'இதுதான் காரணம்' என்று சொல்லி அனுப்புவது நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது. அவரிடம் இருந்த ஸ்கேன் அறிக்கை அதைவிடப் பயனுள்ளது: வலது பட்டையின் தடிமன் 5.8 மி.மீ., இடது 3.4. நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போனால் பொதுவாகத் தடிப்பு என்று கொள்கிறோம்.

பாதத்தின் வளைவை ஒரு வில் என்று எடுத்துக்கொண்டால் பிளான்டர் ஃபேஷியா அதன் நாண். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை போகிறது. அடி எடுத்து வைக்கையில் விரல்கள் பின்னோக்கி மடங்கும்போது நாண் இறுகி வளைவு உயர்கிறது, பாதம் விறைப்பாகி உடலை முன்னே தள்ளுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த இயக்கத்தை விளக்கி எழுதினார். பெருவிரலை மடக்கி அழுத்தியபோது வலி கூடியதும், பின்னால் சொல்லப்போகும் துண்டுப் பயிற்சியும் இதை வைத்துத்தான்.

பட்டைக்குத் தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிச் சுமை நாள்தோறும் விழுந்து, ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காவிட்டால் நார்கள் ஒழுங்கு குலைந்து தடிக்கின்றன. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது எதிர்பார்த்த அழற்சி செல்கள் இல்லை, சிதைவுதான் இருந்தது. வீக்க மாத்திரையும் ஸ்டீராய்டும் ஏன் நிலைத்த பலன் தருவதில்லை என்பதற்கு இது ஓரளவு விளக்கம். ஊசியைப் பொறுத்தவரை, 2012இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 82 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு 4 வாரத்தில் வலி குறைவாக இருந்தது, 8 வாரத்திலும் 12 வாரத்திலும் போலி ஊசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இவருடைய ஐந்து வாரச் சுகம் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் அடிக்கொழுப்பு மெலியவும் வாய்ப்பு உண்டு.

அதே 2003இல் வந்த இன்னொரு ஆய்வு, வலி உள்ள 50 பேரையும் இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டது. கணுக்கால் மேல்நோக்கி மடங்காமை, எடைக் குறியீடு 30க்கு மேல், வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்பது ஆகிய மூன்றும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டின. இவரிடம் மூன்றும் இருந்தன. மூன்றில் எதை மாற்ற முடியும்? கணுக்காலை மாற்றலாம். எடை குறைய நாளாகும். விடுதிச் சாப்பாட்டில் அவர் கையில் இருப்பது கொஞ்சம்தான். நிற்பதைப் பற்றிக் கடையோடு பேச வேண்டும்.

சிகிச்சை

முதல் சந்திப்பில் பாதத்தின் அடியில் வளைவைத் தாங்கும்படி டேப் ஒட்டி நடக்கச் சொன்னேன். வலி உடனே பாதியாகக் குறைந்தது. டேப் சில நாள்தான் தாங்கும். ஆனால் வளைவுக்குத் தாங்கல் கொடுத்தால் பலன் உண்டு என்று அவருக்கும் எனக்கும் தெரிந்தது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே செய்ய ஒரு நீட்டல்: வலது காலை இடது தொடைமேல் போட்டு, கையால் விரல்களைத் தாடையை நோக்கி இழுத்து 10 விநாடி பிடிப்பது, 10 முறை. மதியச் சாப்பாடு முடிந்து எழும் முன்பும் இரவிலும் அதேதான். அதோடு சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நீட்டிய நிலையில் கெண்டைக்காலை நீட்டுவது.

முக்கியமானது வலுவூட்டும் பயிற்சி. டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் சோதித்த முறை இது. படிக்கட்டின் விளிம்பில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, விரல்கள் மேல்நோக்கி மடங்கிய நிலையில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் அதிகபட்சம் 12 முறை மட்டுமே செய்ய முடிகிற சுமையில் 3 சுற்று. இரண்டு வாரம் கழித்துச் சுமையைக் கூட்டி 10 முறை, 4 சுற்று. மேலும் இரண்டு வாரம் கழித்து 8 முறை, 5 சுற்று. சுமைக்கு முதுகுப்பையில் புத்தகங்கள். அந்த ஆய்வில் மூன்று மாதத்தில் நீட்டலைச் செய்தவர்களைவிட இந்தப் பயிற்சி செய்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. எனவே இதை அற்புதம் என்று விற்க மாட்டேன். இவருக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பரிசோதனையில் வலது கால் குதிகால் தூக்கலில் ஆறாவதிலேயே மடங்கியது. வலு போன கால் அது.

ஒற்றைக் காலில் தொடங்க முடியாது என்பதால் முதல் மூன்று வாரம் இரண்டு காலிலும் நின்று தூக்கி, வலதில் மட்டும் மெதுவாக இறக்கினார். விடுதியில் மாடிப்படி உண்டு, கைப்பிடி உண்டு, துண்டு உண்டு. புத்தகம் இல்லாததால் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டார். பயிற்சியின்போது பத்துக்கு 4 வரை வலி இருக்கலாம், மறுநாள் காலை முதல் அடி முந்தைய நாளைவிடக் கூடக் கூடாது: இவ்வளவுதான் விதி. வலிக்கும் காலை வலிக்க வலிக்க அசைக்கச் சொல்வது அவருக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. பக்கத்துக் கட்டில் பெண் "காலுக்கு ரெஸ்ட்தானே கொடுக்கணும்" என்று சொல்லி ஒரு வாரம் நிறுத்தவும் வைத்துவிட்டார்.

சரிவராதவையும் உண்டு. இரவில் பாதத்தை நேராக வைத்திருக்கும் உறை வாங்கினார்; விடுதிப் புழுக்கத்தில் தூக்கம் வராமல் சில இரவுகளிலேயே கழற்றி எறிந்தார். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உருட்டச் சொல்வது வழக்கம். விடுதியில் பிரிட்ஜே இல்லை. வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை (ஷாக்வேவ்) பற்றி அவராகவே விசாரித்து வந்தார். ஆறு மாதம் முறையான பயிற்சி செய்தும் குறையாதவர்களுக்கு அது ஒரு வழி. இவர் ஏழு மாதம் வலித்தவர்தான், ஆனால் ஒரு நாள்கூடப் பயிற்சி செய்தவர் இல்லை. அந்தப் பணத்தைச் செருப்பில் போடுங்கள் என்றேன்.

கடைக்குள் போக வேண்டியிருந்தது

எம்.சி.ஆர். செருப்பு ஏற்கெனவே வைத்திருந்தார், விடுதியில் போட. உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றுவதில் பெயர் பெற்ற மென்மையான ரப்பர் அது. நல்லதுதான். ஆனால் செருப்பு விடுதியில், கால் பத்து மணி நேரம் கிரானைட்டில் என்றால் பயன் என்ன? எந்தப் பயிற்சியும் அந்தப் பத்து மணி நேரத்தோடு போட்டி போட முடியாது.

மருத்துவரும் நானும் சேர்ந்து கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று கோரிக்கை: வேலை நேரத்தில் வளைவுத் தாங்கலும் குதிகால் மெத்தையும் உள்ள காலணிக்கு அனுமதி, அவர் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஸ்டூல். மேற்பார்வையாளர் காலணிக்கு ஒத்துக்கொண்டார், கறுப்பு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஸ்டூலுக்கு மட்டும் முடியாது என்றார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது அவர் வாதம்.

எல்லோரும் கேட்கலாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற பெண் தொழிலாளர் அமைப்பினர் நெடுநாள் போராடியதன் தொடர்ச்சியாக 2018இல் கேரளம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. நோயாளி இதைச் சொல்லிச் சண்டை போடத் தயாராக இல்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவர் பயம் நியாயமானது, நான் வற்புறுத்தவில்லை. மருத்துவர் தன் இரண்டாவது கடிதத்தில் நோயாளி பெயரைத் தனியே அழுத்தாமல், அந்தப் பிரிவை மட்டும் ஒரு வரியில் குறிப்பிட்டார். பத்து நாள் கழித்து அந்தத் தளத்துக்கு நான்கு ஸ்டூல் வந்தது.

அதன் பிறகு

நான்காவது வாரம் காலை முதல் அடி 6. பெரிய மாற்றம் இல்லை என்று சோர்ந்துபோனார். எட்டாவது வாரம் 4. அப்போது தீபாவளி விற்பனை சூடுபிடித்தது: இரவு பதினொன்று வரை கடை, பயிற்சிக்கு நேரமில்லை, ஸ்டூலில் உட்கார வாய்ப்பில்லை. வலி மறுபடி 7க்குப் போனது. போனில் அழுதார், ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். பட்டை மறுபடி கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். சுமை கூடியிருக்கிறது, அது குறைந்ததும் வலி இறங்கும் என்று சொல்லி, அந்த இரண்டு வாரத்துக்கு டேப்பையும் காலை நீட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டோம். தீபாவளி கழிந்த பத்தாம் நாள் 4க்குத் திரும்பிவிட்டார். முன்பெல்லாம் ஒருமுறை ஏறிய வலி மாதக்கணக்கில் இறங்காது.

ஆறாம் மாத முடிவில் முதல் அடி வலி 1, சில நாள் பூஜ்யம். வலது காலில் ஒற்றைக்கால் தூக்கல் 16 முறை. கணுக்கால் 8 டிகிரி. எடை 2 கிலோ குறைந்திருந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் மறுபடி எடுக்கவில்லை. தடிமன் குறையாமலே வலி போனவர்கள் உண்டு, அந்த எண்ணைப் பார்த்து அவர் மறுபடி பயப்படுவதில் யாருக்கும் லாபமில்லை.

இந்த நோய் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடுகிறது. அப்படியிருக்க இதில் எது பயிற்சியால், எது காலணியால், எது ஸ்டூலால், எது காலத்தால் என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. தீபாவளியில் ஏறி இறங்கியதைப் பார்த்தால், நிற்கும் நேரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அவரிடம் எழுதிக் கொடுத்த குறிப்பில் மருத்துவரிடம் உடனே போக வேண்டிய நிலைகள் இவை: படுத்திருக்கும்போதும் இரவிலும் விடாத வலி, எரிச்சல் அல்லது மரத்துப்போதல், சிவந்து வீங்கிக் காய்ச்சல், கீழே விழுந்த பின் வந்த வலி, உள்ளங்காலில் 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வும் அதன்பின் கன்றிப்போதலும். ஊசி போட்டுக்கொண்டவர் என்பதால் கடைசியதை அடிக்கோடிட்டேன்.

அடுத்த ஆடிக்கான திட்டமும் அதே தாளில் இருக்கிறது. இப்போது வாரம் இரண்டு நாள் துண்டுப் பயிற்சி. தள்ளுபடி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது அதை மூன்று நாளாக்க வேண்டும். தள்ளுபடி நாட்களில் காலை வலி 3ஐத் தாண்டினால் சுற்றுகளைப் பாதியாக்கலாம், நிறுத்தக் கூடாது. காலணியின் உட்தாங்கல் அமுங்கிப் போயிருந்தால் ஆனி மாதமே மாற்றிவிட வேண்டும்.